கால்சட்டை ஓரம்

காந்தி நகரில் ஒரு குறுக்குத் தெரு,
தூங்குமூஞ்சி மரத்தடியில் என் இஸ்திரி வண்டி.
கடன் வாங்கியவன்போல
வெயில் தெருமுனையிலேயே திரும்பிவிடும்.
ஒரு உருப்படி பன்னிரண்டு ரூபாய்.
பட்டுக்கு வேறு கணக்கு.

துணி பேசும்.
காலர் சொல்லும், பாக்கெட் சொல்லும்,
"ஒரு தரம்தான் போட்டது, சும்மா தேச்சுக் குடு" என்று வரும்
கால்சட்டையின் ஓரம் ரொம்பவே சொல்லும்.

எள்ளில் பாதி இருக்கும் அந்த விதை.
தலையில் மூன்று முடி, முடியெல்லாம் பசை.
பார்க்காமல் பெட்டியை வைத்தால்
வெளிர் நிறத் துணியில் பச்சையாய் ஒரு பொட்டு.
அப்புறம் பன்னிரண்டு ரூபாய்க்கு
முந்நூறு ரூபாய்ப் பேச்சு வாங்க வேண்டும்.

அது எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.
மதிலுக்கு அந்தப் பக்கம், மான் திரியும் காட்டில்
ஒரு வருஷம் பிளாஸ்டிக் பொறுக்கியிருக்கிறேன்.
வெயில் விழும் இடத்தில் வேறு புல், முரட்டுப் புல்.
இது மரத்தடியில் மட்டும்,
தரையோடு தவழ்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு.
இலையில் அலை அலையாய்ச் சுருக்கம்.
எந்தப் பெட்டிக்கும் நிமிராத சுருக்கம்.
தொழில்காரி எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

நகத்தால் கிள்ளிக் கீழே போடுவேன்.
சாம்பலும் அங்கேதான் கொட்டுவது,
துணிக்குத் தெளித்த தண்ணீரில் மிச்சமும் அங்கேதான்.
ஐப்பசி மழை நாலு நாள் அடித்து ஓய்ந்தபின்
வண்டிச் சக்கரம் நாலும் பச்சைக்குள் நின்றன.

அதற்குப் பிறகு
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் சேறு தெறிப்பதில்லை.
கஞ்சி போட்ட வேட்டி ஒருநாள் கை நழுவி விழுந்தது,
எடுத்து உதறினேன், ஒரு தூசி இல்லை.
ஒன்பதாம் நம்பர்ப் பையன் முயலுக்கென்று
தினம் ஒரு பிடி அறுத்துப் போகிறான்.
எட்டு மணி நேரம் நிற்கிற காலுக்கு
அது என்ன என்று
நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எட்வின் சார் கால்சட்டையில் இரண்டு மாசமாய் இதே விதை.
ஓரத்தில் மட்டும் இல்லை, உட்காரும் இடத்திலும்.
காலருக்குள் கழுத்துப் பட்டி உரசும் தடம்
இப்போது இல்லை.
பாக்கெட் முனையில் பேனா மைப் புள்ளி
இப்போது இல்லை.
நான் எதையும் கேட்கவில்லை.
ஒருநாள் எண்ணினேன், பதினேழு.
கிள்ளிக் கிள்ளிப் போட்டேன்.

நேற்று வயலட் அம்மா தானே இறங்கி வந்தார்கள்.
கையில் துணி மூட்டை இல்லை,
ஒரே ஒரு கால்சட்டை.
"ஆபீஸுக்குப் போற மனுசனுக்கு
இது எங்கேருந்து ஒட்டும்?"

அவர்கள் மனசில் ஒரு பெண் இருந்தாள்,
முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.
என் மனசில் ஒரு மனுசர் இருந்தார்,
மூன்றடுக்கு டிபன் கேரியரோடு
மரத்தடியில்,
மணி ஐந்தாகக் காத்துக்கொண்டு.

பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.
"உங்க புடவையப் பாருங்கம்மா."
குனிந்தார்கள்.
கொசுவத்தின் கீழ் மடிப்பில் ஏழெட்டு.
"இங்கயா முளைக்குது?"
"இங்கதான் முளைக்குது."

பொய் இல்லை அது.
உண்மையும் இல்லை.
வயலட் அம்மா சிரித்தார்கள், புடவையை உதறினார்கள்,
உதிராததை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று காலை எட்டரைக்கு
எட்வின் சார் கேரியரோடு தெருவில் இறங்கினார்.
வண்டி அருகே வந்ததும் நடை குறைந்தது.
சக்கரத்தடியைப் பார்த்தார்.
தெரிந்த ஒருவரைத் தெரியாத ஊரில் பார்த்ததுபோல.
பிறகு என்னை.

நான் தண்ணீர் தெளித்தேன்,
துணிக்குக் கொஞ்சம்,
கீழே கொஞ்சம்.